ஆர்வமா, ஆவலா, குறுகுறுப்பா?

“சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான் கேட்டேன்.” புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளையிடம் சம்பளம் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு, அவன் முகம் மாறியதும் நம்மவர்கள் சொல்லும் வாக்கியம் இது. ஆங்கிலம் கலந்து பேசுகிறவர்கள் “ஒரு கியூரியாசிட்டிலதான்” என்பார்கள். இதையே எழுத்துத் தமிழில் ஒரே பெயர்ச்சொல்லால் சொல்லுங்கள் என்றால் பேனா நின்றுவிடும். “ஆர்வத்தால் கேட்டேன்” என்று எழுதினால் வேறு ஏதோ போலத் தொனிக்கிறது. “ஆவலால் கேட்டேன்” சற்றுக் கிட்டத்தில் வருகிறது. ஆனால் அப்படி யாரும் பேசுவதில்லை.

அகராதியில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆர்வம், ஆவல், அறியும் விருப்பம் என்று வரிசையாகக் கிடைக்கும். எது எங்கே பொருந்தும் என்பதை மட்டும் அகராதி சொல்வதில்லை. மாணவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் முதலில் இருப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் ‘ஆர்வம்’ என்ற ஒரு சொல் இன்று இரண்டு ஆள் வேலை பார்க்கிறது: ஒன்றில் நீடித்த ஈடுபாடு, ஒன்றைத் தெரிந்துகொள்ளத் துடிக்கும் துடிப்பு. முதல் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை. இரண்டாவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆர்வம்: முதலில் அன்பு

பழைய நூல்களில் ஆர்வம் என்றால் தெரிந்துகொள்ளும் விருப்பம் அல்ல, அன்பு, பற்று. ‘அன்புடைமை’ அதிகாரத்தில் வள்ளுவர், “அன்பு ஈனும் ஆர்வம் உடைமை” என்கிறார் (குறள் 74). அன்பு என்ற தாய்க்குப் பிறந்த குழந்தை ஆர்வம், அதாவது பிறர்மேல் கொள்ளும் விருப்பம். அந்த விருப்பம் நட்பைப் பெறும் என்று குறள் தொடர்கிறது. அதே அதிகாரத்தின் முதல் குறளில் வரும் “ஆர்வலர் புன்கணீர்” அன்புடையவர்களின் கண்ணீர். பூதத்தாழ்வார் தம் அந்தாதியைத் தொடங்கும்போது, “அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக” என்று விளக்கேற்றுகிறார். அன்பு அகல், ஆர்வம் அதில் ஊற்றிய நெய். ‘ஆர்’ என்ற வேருக்கு நிறைதல், நுகர்தல் என்ற பொருள்கள் உண்டு. மனமார, கண்ணார, வயிறார என்று இன்றும் சொல்கிறோமே, அதே ‘ஆர்’.

இந்தப் பழம்பொருள் இன்னும் அழியவில்லை. பறவை ஆர்வலர் என்று யாரைச் சொல்கிறோம்? ஒருநாள் ஒரு குருவியைப் பார்த்து “இது என்ன பறவை?” என்று கேட்டுவிட்டுப் போனவரை அல்ல. விடியற்காலையில் பைனாகுலரோடு வேடந்தாங்கலுக்குப் போய் நிற்கிறவரை. சமூக ஆர்வலர், இயற்கை ஆர்வலர், தன்னார்வலர் எல்லாச் சொற்களிலும் உள்ளே இருப்பது பற்றுதான். “ஆர்வமுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்” என்ற அறிவிப்பிலும் அதுதான். அந்த இடத்தில் “ஆவலுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்” என்று போட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும்.

இலக்கணமும் இதற்கு ஒத்துப் போகிறது. ஆர்வம் ஒரு துறைக்குள்ளோ பொருளின் மேலோ போய் உட்காரும்: வானியலில் ஆர்வம், சமையலில் ஆர்வம், நாடகத்தின் மீது ஆர்வம். யாருக்கு என்பதற்கு மட்டும் ‘கு’ வரும்: அவளுக்கு வானியலில் ஆர்வம். பிறகு அதோடு சேரும் வினைகளைக் கவனியுங்கள். ஆர்வம் எழும், வளரும், குறையும், குன்றும். ஒருவர் அதை ஊட்டலாம், தூண்டலாம், இன்னொருவர் அதைக் காட்டலாம். ஆசிரியப் பயிற்சி எடுத்தவர்களுக்கு ‘ஆர்வமூட்டல்’ என்ற சொல் நன்றாகத் தெரியும். பாடத்திட்டக் குறிப்பில் பாடத்தைத் தொடங்கும் முன் எழுதியே ஆக வேண்டிய பகுதி அது. கட்டாயத்துக்காக ஊட்டப்படும் ஆர்வம் எப்படி இருக்கும் என்பது அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

இந்தச் சொல்லிலிருந்து பேச்சுத் தமிழ் உண்டாக்கிய அருமையான சொல் ஒன்று ‘ஆர்வக்கோளாறு’. வண்டி ஓட்டப் பழகிய மறுநாளே நெடுஞ்சாலைக்குப் போகிறவனும், படம் பார்த்துவிட்டு வந்த வேகத்தில் முடிவைச் சொல்லித் தொலைக்கிறவனும் ஆர்வக்கோளாறுகள். திட்டும் சொல்தான், ஆனால் உள்ளே பாதி மன்னிப்பும் இருக்கிறது. கெட்ட எண்ணத்தில் செய்தவனை யாரும் ஆர்வக்கோளாறு என்று சொல்வதில்லை.

ஆவல்: தீர்ந்துபோகும் விருப்பம்

ஆவல் வேறு மாதிரி. அது துறைக்குள் போய் உட்காராது. “கணிதத்தில் ஆவல்” என்று எழுதினால் காதுக்கு இடறும். ஆவலுக்கு முன்னால் ஒரு செயல் வேண்டும்: பார்க்க ஆவல், கேட்க ஆவல், முடிவு என்னவென்று அறிய ஆவல். அதோடு சேரும் வினைகளும் வேறு. ஆவல் மேலிடும், தணியும், தீரும். “ஆவல் தீரப் பார்த்தாள்” என்கிறோம். இன்றைய வழக்கில் ஆர்வம் அப்படித் தீர்வதில்லை. பத்துப் புத்தகம் படித்தவனுக்கு வரலாற்றில் ஆர்வம் கூடத்தான் செய்யும். ஆனால் தேர்வு முடிவை அறியும் ஆவல், முடிவு திரையில் தெரிந்த அடுத்த நொடி இருக்காது.

ஆகவே ஒரு குறிப்பிட்ட கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும் என்ற துடிப்பைச் சொல்ல ஆவல்தான் சரியான சொல். “அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அறியும் ஆர்வம்” என்று எழுதுவதைவிட “அறியும் ஆவல்” என்று எழுதுவது துல்லியம். (நெல்லைப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் ஊர் ‘ஆவலாதி’க்கும் இதற்கும் தொடர்பு தேடாதீர்கள். அது குறை சொல்வது, முறையிடுவது.)

இந்தத் துடிப்பு எப்போது வருகிறது என்பதை உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். டேனியல் பெர்லைன் என்பவர் 1950களில் இதை இரண்டாகப் பிரித்தார். புதிய ஓசையையோ உருவத்தையோ கண்டதும் புலன்கள் அந்தப் பக்கம் திரும்புவது ஒன்று. விலங்குகளுக்கும் இது உண்டு. விடை தெரியாத கேள்வி ஒன்று அறிவை உறுத்துவது மற்றொன்று. 1994இல் ஜார்ஜ் லோவென்ஸ்டீன் இன்னும் தெளிவாக ஒன்றைச் சொன்னார். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருப்பதை உணரும்போதுதான் அறியும் ஆவல் பிறக்கிறது. ஒன்றுமே தெரியாத விஷயத்தில் அந்த இடைவெளி கண்ணுக்குப் படாது. ஆகையால் கேள்வியும் வராது. ஓரளவு தெரிந்தவருக்குத்தான் தெரியாதது உறுத்தும். துப்பறியும் தொடர்கதை ‘தொடரும்’ போடுகிற இடம் இந்தக் கணக்கில்தான் முடிவாகிறது: வாசகருக்கு நிறையச் சொல்லியிருக்க வேண்டும், ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டிருக்க வேண்டும்.

இதற்குத் தமிழில் என்னிடம் உள்ள சிறந்த சான்று உ. வே. சாமிநாதையர். 1880இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர், வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்த ஊருக்கு முன்சீபாக (நீதிபதியாக) வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிறார். சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். இவர் படித்ததில்லை. இவருடைய ஆசிரியரும் அவற்றைப் பாடம் சொன்னதில்லை.

தமிழே படிக்காத ஒருவரிடம் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் “தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். தமிழில் தெரியாதது அதிகமில்லை என்று நம்பும் அளவுக்குப் படித்த ஒருவருக்கு அந்த இடைவெளி எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும்! முதலியாரிடமிருந்து சிந்தாமணிப் பிரதியை வாங்கிப் படிக்கிறார். பல இடங்கள் விளங்கவில்லை. சமணர்களின் நூலாயிற்றே என்று கும்பகோணத்திலேயே இருந்த சமணர்களைத் தேடிப் போய்ச் சந்தேகம் கேட்கிறார். 1887இல் அவர் பதிப்பு வெளிவருகிறது. அதோடு விட்டாரா? பத்துப்பாட்டு 1889இல், சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல், மணிமேகலை 1898இல்.

முதலியார் வீட்டில் பிறந்தது ஆவல். சிந்தாமணி என்றால் என்ன என்று தெரிந்ததும் அது தீர்ந்திருக்கலாம். ஏடு தேடி ஊர் ஊராக அலைய வைத்தது ஆர்வம். முன்னது பின்னதாக மாறுவது எல்லாருக்கும் நடப்பதில்லை. இரண்டு சொற்களையும் ஒன்றாகக் குழைத்துவிட்டால் அந்த மாற்றத்தைச் சொல்லவே வழியில்லாமல் போகும்.

குறுகுறுப்பும் தோண்டல் துருவலும்

ஆவலுக்கு உடம்பு வந்தால் குறுகுறுப்பு. கூச்சமும் அரிப்பும் கலந்த உணர்வைக் குறிக்கும் சொல் மனத்துக்கும் ஏறிவிட்டது. மூடிய அறை, ஒட்டாத கடித உறை, “அதைப் பற்றி அப்புறம் சொல்றேன்” என்று பாதியில் நிறுத்திய பேச்சு: இந்த இடங்களில் ஆவல் என்ற சொல் கொஞ்சம் மரியாதையாகப் போய்விடும். குறுகுறுப்பில் பார்க்கக் கூடாததைப் பார்க்கும் சிறு குற்றமும் கலந்திருக்கிறது. அந்த வாசனை இந்தச் சொல்லுக்கு எப்படி வந்தது என்பதும் தெரிகிறது. மனம் குறுகுறுக்கிறது என்றால் குற்ற உணர்ச்சி என்றும் பொருள். எழுதும்போது முன்னால் வரும் வினையைப் பார்த்து வைக்க வேண்டும். “கதவைத் திறந்து பார்க்க மனம் குறுகுறுத்தது” என்றால் ஆவல். “அம்மாவிடம் பொய் சொன்னது குறுகுறுத்தது” என்றால் உறுத்தல்.

குழந்தையோடு இந்த ஒலி சேர்வதும் பழையதுதான். புறநானூற்றின் 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடை நம்பி, “குறுகுறு நடந்து சிறுகை நீட்டி, இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்” என்று ஒரு குழந்தையைக் காட்டுகிறான். அங்கே குறுகுறு என்பது தளிர்நடையைக் குறிப்பது. ஆனாலும் நெய்ச்சோற்றில் கையை விட்டு, தொட்டு, கவ்வி, துழாவி, மேலெல்லாம் பூசிக்கொள்ளும் அந்தக் குழந்தை செய்வது சுத்தமான ஆராய்ச்சி. பெர்லைன் சொன்ன முதல் வகைக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

தமிழ்ப் பேச்சில் இந்த உணர்வுக்கு வரும் வினைகள் பெரும்பாலும் கையால் செய்பவை. கேள்வி மனசைக் குடைகிறது, மண்டையை அரிக்கிறது. துருவித் துருவிக் கேட்கிறான், நோண்டுகிறான், கிண்டிக் கிளறுகிறான். தேங்காய் துருவுகிற அதே துருவல். வியப்புக்கு இப்படி வினைகள் கிடையாது. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், அறியும் ஆவலுக்குத் தனி இடம் இல்லை. அருகில் இருப்பது ‘மருட்கை’, அதாவது வியப்பு. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது நூற்பா. மலையைப் பார்த்து வியந்துவிட்டு மலைத்து நிற்கலாம். ஆவல் வந்தவன் அதன் உச்சியில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிடுவான்.

விடுப்பு, வேடிக்கை, அதிகப்பிரசங்கி

அடுத்தவர் விஷயத்தில் வரும் ஆவலுக்கு நம்மிடம் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. இலங்கைத் தமிழில் ‘விடுப்பு’ என்று ஒரு சொல். “என்ன விடுப்புப் பாக்கிறாய்?” என்று யாழ்ப்பாணத்தில் கேட்டால், இங்கே உனக்கு என்ன வேலை என்று பொருள். விடுப்புப் பார்ப்பது, விடுப்புக் கேட்பது இரண்டும் உண்டு. தமிழ்நாட்டு அரசு அலுவலகத்தில் தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு என்று அதே சொல் பணிக்கு வராததைக் குறிக்கும். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருக்கு “மேலாளர் மருத்துவ விடுப்பில் இருக்கிறார்” என்ற வாக்கியம் முதல்முறை எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

தமிழ்நாட்டில் இதற்கு ‘வேடிக்கை பார்ப்பது’. விபத்து நடந்த இடத்தில் கூடுகிறவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். வேடிக்கை பார்ப்பவர் கேள்வி கேட்பதில்லை, சும்மா நிற்கிறார். கேட்கவும் தொடங்கினால் மூக்கை நுழைப்பது. கேட்டதைப் பத்துப் பேரிடம் சொன்னால் ஊர்வம்பு. சுவரோடு சுவராக நின்று கேட்டால் ஒட்டுக்கேட்பது. இவ்வளவு நுணுக்கமான படிநிலை நல்ல ஆவலுக்கு இல்லை என்பதை நான் கொஞ்சம் வருத்தத்தோடுதான் கவனிக்கிறேன்.

கேள்வி கேட்கும் பிள்ளைக்கு வைத்திருக்கும் பெயரையும் பாருங்கள்: அதிகப்பிரசங்கி. இத்தனைக்கும் பவணந்தியார் நன்னூலில் மாணவனின் கடமைகளைச் சொல்லும்போது, “வினாதல் வினாயவை விடுத்தல்” என்று இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறார். கேட்கவும் வேண்டும், கேட்டவற்றுக்குப் பதில் சொல்லவும் வேண்டும். இவற்றைக் கடமையாகக் கொண்டால் அறியாமை பெரிதும் நீங்கும் என்கிறார். இன்னோரிடத்தில் அவர் வினாவை ஆறாகப் பிரிப்பதும் நம் விஷயத்துக்கு உதவும். விடை தெரிந்தே கேட்பது அறிவினா. தெரியாமல் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று தடுமாறிக் கேட்பது ஐயவினா. மற்ற மூன்றும் வாங்கவும் கொடுக்கவும் ஏவவும் கேட்பவை. ஆவல் பேசுவது இரண்டாவதிலும் மூன்றாவதிலும். வகுப்பறையில் அதிகம் கேட்பது முதலாவது. கேட்பவர் ஆசிரியர்.

‘கேள்’ என்ற வினையும் இங்கே ஒரு சொல்லுக்குத் தகுதியானது. வினவுவதும் கேட்பதுதான், செவிகொடுப்பதும் கேட்பதுதான். “அவள் ஆவலோடு கேட்டாள்” என்றால் வினவினாளா, கவனித்தாளா என்பது அடுத்த வாக்கியத்தைப் படித்தால்தான் தெரியும். திருக்குறளில் ‘கேள்வி’ என்ற அதிகாரம் முழுக்க முழுக்கச் செவிச்செல்வத்தைப் பற்றியது. குழப்பம் வரும் இடங்களில் வினவினாள், காதுகொடுத்தாள் என்று பிரித்து எழுதுவதே நல்லது.

குதூகலம் எங்கே போனது?

வடமொழியில் இதற்கென்றே ஒரு சொல் இருந்தது: குதூகலம். தெலுங்கிலும் கன்னடத்திலும் அது இன்றும் அறியும் ஆவலைத்தான் குறிக்கிறது. தமிழுக்கு வந்ததும் அது கொண்டாட்டமாக மாறிவிட்டது. மழை பெய்தால் சிறுவர்கள் குதூகலிக்கிறார்கள், பள்ளி விடுமுறை என்றால் குதூகலம். கன்னடச் செய்தியைத் தமிழாக்குகிறவர்கள் இந்த இடத்தில் அடிக்கடி வழுக்கி விழுகிறார்கள்.

ஆங்கிலச் சொல் அப்படியே தமிழ்ச் செய்தித்தாள்களில் நுழைந்ததற்கு ஒரு காரணம் செவ்வாய்க் கோள். நாசா அனுப்பிய சுமார் 900 கிலோ எடையுள்ள ஊர்தி 2012 ஆகஸ்ட் 6 அன்று, நம் நேரப்படி காலையில், அங்குள்ள கேல் பள்ளத்தில் இறங்கியது. அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகளிடையே நடந்த பெயர்ப் போட்டியில், கான்சாஸைச் சேர்ந்த ஆறாம் வகுப்பு மாணவி கிளாரா மா எழுதிய கட்டுரையால் அதற்குக் ‘கியூரியாசிட்டி’ என்ற பெயர் வந்தது. தமிழ் இதழ்கள் அதைப் பெயர்க்காமல் அப்படியே எழுதின. பெயர்ச்சொல்தானே, அது சரிதான். பெயர்த்தே ஆக வேண்டும் என்றால் நான் ‘ஆவல்’ என்று வைத்திருப்பேன். ஒரு பள்ளத்துக்குள் இறங்கி, இங்கே ஒரு காலத்தில் நுண்ணுயிர் வாழும் சூழல் இருந்ததா என்று குறிப்பாகக் கேட்கிற ஊர்திக்கு ‘ஆர்வம்’ பொருந்தாது.

கட்டுரையிலும் பாடநூலிலும் பொதுப்படையான ஒரு பெயர்ச்சொல் தேவைப்படும்போது ‘அறியும் ஆவல்’ அல்லது ‘அறிவார்வம்’ என்று எழுதலாம். ‘அறிவுத் தாகம்’ மேடையில் அடிபட்டுத் தேய்ந்த சொல், எனக்குப் பிடிப்பதில்லை. ‘தேடல்’ இப்போது கவிஞர்கள் முதல் கணினி நிறுவனங்கள் வரை எல்லாரிடமும் போய்விட்டது.

பெயரடையாக எழுதும்போது நேரும் பிழை ஒன்று பாக்கி. “ஆர்வமான செய்தி”, “ஆர்வமான புத்தகம்” என்று இப்போது நிறையக் கண்ணில் படுகிறது. ஆர்வம் ஆளுக்கு இருப்பது, பொருளுக்கு இருப்பதல்ல. மாணவி ஆர்வமானவளாக இருக்கலாம். புத்தகம் சுவையானது, சுவாரசியமானது, அல்லது ஆர்வமூட்டுவது. ஆவலுக்கும் அதே விதிதான்: “ஆவலான முடிவு” கிடையாது, ஆவலைத் தூண்டும் முடிவு உண்டு. கடிதத்தின் கடைசி வரியில் “தங்கள் பதிலை ஆர்வத்துடன் எதிர்பார்க்கிறேன்” என்று எழுதினால் யாரும் தவறு என்று சொல்லப் போவதில்லை. ஆனால் பதில் வந்ததும் தீரப்போகிற விருப்பம் அது. “ஆவலுடன்” என்று எழுதுங்கள்.